சின்ன வாசல் எந்தப் பக்கம்

1973 மே 3, வியாழன்

அனல். நாளைதான் கத்திரி என்று காலண்டர் சொல்கிறது. மரக்காணத்துக்கு அது போன வாரமே வந்துவிட்டது. உப்பளப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரம் வேறு. ஐசிங் காய மாட்டேன் என்கிறது. காலையில் பூசியது மத்தியானம்வரை விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்று செய்தவை: சர்க்கரை அரைத்து மெல்லிய துணியில் இரண்டு தடவை சலிப்பு. முட்டை வெள்ளை அடிப்பு (தோள்பட்டை போயிற்று). பிறந்தநாள் கேக் ஒன்று, ரோஜா நான்கு. பன்னுக்கு மாவு. வருகிறவர்களிடம் பேக்கரி முதலாளி பாய் என்னை ‘ஐசிங் மாஸ்டர்’ என்கிறார். பன் மாவும் மாஸ்டர்தான் பிசைய வேண்டும்.

பதினோரு மணிக்கு எங்கள் கோயில் கமிட்டித் தலைவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு போட்டோ. கோயில் கட்டி இது ஐம்பதாவது வருஷம். 13ஆம் தேதி திருவிழாவோடு பொன்விழா. பெரிய கேக் வேண்டும். மேலே கோயில் படம் வேண்டும்.

“பாய், பாண்டிச்சேரிக்கே போயிருப்பேன். இங்கயே கடை இருக்கச்சொல்ல அங்க எதுக்குன்னுதான் வந்தேன்.”

“ரொம்ப சந்தோஷங்க. நம்ம ஜோசப்பு போடுவான். கை அச்சு மாதிரி.”

அப்போதுதான் என்னைப் பார்த்தார். “நீ ராயப்பன் மவன்தான? உங்கம்மா நம்ம பாத்தியிலதான உப்பு வாருது?”

“ஆமாங்க.”

“அப்ப கோயிலு உனக்குத் தெரியும். இருக்கிறத இருக்கிறபடி போடு. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்.”

போட்டோ தென்மேற்கு மூலையிலிருந்து எடுத்தது. முகப்பு, நடுவில் பெரிய கதவு, உச்சியில் சிலுவை. வலது கைப் பக்கம் தெற்குச் சுவர் முழுக்க ஜன்னல். ஜன்னல்களுக்கு நடுவில் அந்தச் சின்ன வாசல்.

இருக்கிறபடி என்றால் அதுவும்தான்.

மே 4, வெள்ளி

இதை எழுதி வைக்கிறேன், வேறெங்கும் எழுதியில்லை என்பதால். கோயிலில் போர்டு கிடையாது. சட்டம் கிடையாது. யாரும் வாயால் சொல்வதும் கிடையாது. ஊர்க்காரர்கள் மேற்கே பெரிய கதவு வழியாக வந்து வடக்குப் பக்கம் பெஞ்சில் உட்கார்வார்கள். காலனிக்காரர்கள் நாங்கள் தெற்குச் சுவரில் இருக்கும் சின்ன வாசல் வழியாக வந்து தெற்குப் பக்கம் தரையில். நற்கருணை அவர்கள் வாங்கி முடித்த பிறகு.

ஐந்து வயதில் ஒரு தடவை பெரிய கதவு வழியாக உள்ளே ஓடியிருக்கிறேன். ஊர்க்காரர் யாரும் என்னைத் தொடவில்லை. அப்பாதான் அடித்தார் (அவர் இப்போது இல்லை). அதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. அடிக்கிற வேலையையும் எங்களிடமே விட்டுவிட்டார்கள்.

இப்போது இதெல்லாம் மண்டைக்குள் ஓடக் காரணம் தங்கச்சி. பிலோமினாவுக்கு 23ஆம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை அந்தோணி, பாண்டிச்சேரியில் மில் வேலை. எங்கள் ஜனம்தான். ஆனால் அவர்கள் போகிற கோயிலில் எல்லாருக்கும் ஒரே வாசல். நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா கோயிலைச் சுற்றிப் பார்த்தார். சின்ன வாசலுக்கு முன்னால் நின்றார். கேட்க வேண்டியதைக் கேட்டார். பிறகு எங்கள் வீட்டில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “என் மருமவ சைடு வாசல்ல பூந்து வர்றதுன்னா கல்யாணத்த பாண்டியிலயே வெச்சிக்கலாம். நீங்க நாலு பேரு வந்தா போதும்.”

அந்தம்மாள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் பி.க்கு இங்கேதான் வேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய கோயில், பத்து வருஷமாகப் பாட்டுப் பாடுகிற கோயில். காலனி முழுக்க வந்து பார்க்க வேண்டும். ஃபாதரிடம் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டாள், பெரிய கதவு வழியாக வரலாமா என்று. இரண்டு தடவையும் ஒரே பதில்: “பாக்கலாம்மா. திருவிழா முடியட்டும்.”

பாக்கலாம். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள்.

மே 6, ஞாயிறு

பி.க்கு முதல் ஓலை வாசித்தார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. ஃபாதர் வாசித்தபோது பி. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தடை என்னவென்று கோயிலுக்குள் இருந்த எல்லாருக்கும் தெரியும். யார் சொல்வது?

வெளியே வரும்போது அம்மாவிடம் கேட்டேன், உனக்குக் கோபமே வராதா என்று.

“எதுக்குடா?”

“அந்த வாசலுக்கு.”

“பொழுதன்னைக்கும் உப்புத் தண்ணியில நிக்கிறேன். காலு புண்ணு மேல கோவம் வருது. அந்த மேஸ்திரி மேல கோவம் வருது. வாசலு மேல எல்லாம் கோவப்பட எங்கடா நேரம்?”

மே 7, திங்கள்

படவேலை ஆரம்பம். போட்டோ உள்ளங்கை அளவு, கேக் ஒரு முழ அளவு. மெல்லிய தாளில் சின்னக் கட்டம் போட்டு போட்டோ மேல் வைத்தேன். பெரிய தாளில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பெரிதாக்கினேன். சுவரில் தேர்தல் எழுத்து எழுதிய காலத்தில் கற்றது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், டைப்ரைட்டிங் லோயர், இரண்டாலும் ஆகாத பிழைப்பு இந்தக் கட்டத்தால் ஆகிறது.

பாய்க்குப் படம் வராது. அவர் கோட்டக்குப்பத்துக்காரர், வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டு அடுப்படியில் ரொட்டி கற்றவர். கேக் பதம் அவர் மூக்கில் இருக்கிறது. வாசனையை வைத்தே அடுப்பைத் திறப்பார்.

ஜன்னல் வளைவு மூன்று தடவை அழித்துப் போட்டேன். கோயில் நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அதுதான் எரிச்சல். அசிங்கமான கோயிலாக இருந்தால் வெறுப்பதற்குச் சுலபம்.

சோப்பு. பி.யின் ரவிக்கைத் துணி டெய்லரிடம். மறக்கக் கூடாது.

மே 10, வியாழன்

பட்டர் பேப்பரில் பிரதி எடுத்தாயிற்று. இரண்டு நாளாக ஊசி. கோட்டின் மேலேயே அரிசி முனை இடைவெளியில் குத்திக்கொண்டே போக வேண்டும். காய்ந்த ஐசிங் மேல் இந்தக் காகிதத்தை வைத்து, மெல்லிய துணியில் முடிந்த கோகோ பவுடரால் ஒற்றினால் ஓட்டை வழியாகப் பொடி இறங்கிப் புள்ளி புள்ளியாகப் படம் விழும். காகிதத்தை எடுத்துவிட்டு அந்தப் புள்ளிகள் மேல், ஐசிங் நிரப்பிய காகிதக் கோனால் கோடு இழுக்க வேண்டியதுதான்.

ஒரே ஆபத்து: பட்டர் பேப்பருக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. எழுத்தாக இருந்தால் திரும்பினால் உடனே காட்டிக்கொடுக்கும். படம் காட்டிக்கொடுக்காது. அதனால் மூலையில் ‘மே’ என்று எழுதி வைப்பது என் வழக்கம். மேல்பக்கம்.

பி. சாப்பாடு கொண்டுவந்தாள். மேஜை மேல் விரித்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். விரலைப் பெரிய கதவில் வைத்தாள், அப்புறம் சின்ன வாசலில்.

“இதயும் போட்டியாண்ணா?”

“இருக்கிறபடி போடச் சொன்னாரு.”

“அழகா இருக்கு. சின்னதா இருந்தாலும் அழகாத்தான் இருக்கு.”

வாசலை அழகு என்று சொல்லிவிட்டாளே என்று திட்ட வாய் வந்தது. திட்டவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ அவளுக்கு அந்த வாசலில் இருக்கலாம். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஓலை வாசித்த ஞாயிறு தவிர.

“ஃபாதர் இன்னிக்கி சிரிச்சாருண்ணா. சரின்னு சொல்லிடுவாருன்னு தோணுது. நீ திருவிழா முடியிற வரைக்கும் எதுவும் பேசாத, ஒன் கால்ல வுழறேன்.”

பேச மாட்டேன் என்று சொன்னேன்.

மே 12, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொய் எழுதினால் இந்த நோட்டு எதற்கு?

காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஃபேன் இல்லை. ஐசிங் ஓரளவு காய்ந்திருந்தது, இனியும் காத்திருக்கப் பொறுமை இல்லை. காகிதத்தை எடுத்து விரித்தேன். வியர்வை காகிதத்தில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு. வாசலில் பால்காரரோடு பாய் சண்டை. ஒரு கையில் காகிதம், ஒரு கையில் கோகோ முடிச்சு. காற்று ஒரு வீச்சு வந்து காகிதம் புரண்டது, பிடித்தேன், வைத்தேன், ஒற்றினேன். மூலையைப் பார்க்கவில்லை.

புள்ளி அருமையாக விழுந்தது. கோன் பிடித்தேன். முகப்பு, சிலுவை, கதவு, ஜன்னல் வரிசை. ஒன்றரை மணி நேரம் தலை நிமிரவில்லை. கடைசியாகச் சின்ன வாசலுக்கு வளைவு போடும்போது கை இடது பக்கம் இருந்தது.

இடது பக்கம்.

போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் எதுவும் தெரியவில்லை. கோயில் அப்படியே இருந்தது. சின்ன வாசல் மட்டும் வடக்குச் சுவருக்குப் போயிருந்தது. தலைவர் குடும்பம் உட்கார்கிற பெஞ்சுக்கு நேராக.

இதுவரை நடந்தது கைத்தவறு. சத்தியம்.

இதற்குப் பின் நடந்தது கைத்தவறு இல்லை. மணி பதினொன்றுகூட ஆகவில்லை. சுரண்டி எடுத்து, மறுபடி பூசி, சாயங்காலம் வரை காயவிட்டு மறுபடி போட்டிருக்கலாம். சர்க்கரை இருந்தது. முட்டை இருந்தது. கத்தியைக்கூட எடுத்துவிட்டேன். அப்படியே நின்றேன். பாய் உள்ளே வந்து பார்த்தார்.

“மாஷா அல்லா. போட்டோவ விட நல்லா இருக்கேடா.”

அவர் எங்கள் கோயிலைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. எந்தச் சுவரில் எது இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கத்தியைக் கீழே வைத்தேன். கீழே ‘பொன்விழா’ என்று கையாலேயே எழுதினேன். எழுத்து நேராக வந்தது.

பேச மாட்டேன் என்றுதான் பி.யிடம் சொன்னேன். பேசவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மட்டமான சமாதானம்.

மே 13, ஞாயிறு

திருவிழா. வெயில் மண்டையைப் பிளந்தது. பந்தலுக்குள் ஊர்க்காரர்கள், பந்தலுக்குத் தெற்கே வேப்பமர நிழலில் காலனிக்காரர்கள். பந்தலுக்குள் இருந்த ஒரே காலனி ஆள் நான். கேக் தூக்கி வந்த ஆள். பேக்கரி ஏப்ரனோடு கேக்குக்குப் பின்னால் நின்றேன், கத்தியும் தட்டும் கொடுக்க.

கேக் வெட்ட வெளியூரிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய சாமியார் ஒருவரை அழைத்திருந்தார்கள். எண்பது வயது இருக்கும். காது சரியாகக் கேட்காது. தலைவர்தான் நிகழ்ச்சி அறிவிப்பு, கையை விட்டு மைக் இறங்கவே இல்லை. குழாய் ஸ்பீக்கரைப் பனைமரத்தில் கட்டியிருந்தார்கள்.

மூடியை எடுத்தேன். “ஆகா” என்றார்கள். பெரிய சாமியார் குனிந்து பார்த்துக் கையைக் கூப்பினார். தலைவரும் குனிந்தார். நிமிரவில்லை.

“ஏம்பா, வாசலு இந்தப் பக்கம் வந்திருக்கு?”

மைக் வாய்க்கு நேரே இருந்ததை மறந்துவிட்டார். பனைமரம் சொன்னது: வாசலு இந்தப் பக்கம் வந்திருக்கு.

அவர் மனைவி பக்கத்தில் வந்து பார்த்தார். “இன்னாங்க இது, நம்ம பெஞ்சாண்ட இருக்குது!” பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“என்ன ஆச்சு?” இது பெரிய சாமியார்.

“ஒண்ணுமில்லீங்க சாமி. வாசலு மாறிப்போச்சி.”

“வாசல் நடுவுலதான இருக்கு?”

“அது பெரிய வாசலுங்க. இது சின்ன வாசலு.”

“சின்ன வாசலா? அது எதுக்கு?”

தலைவர் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் கேக்கைப் பார்த்தார். தலைவர் ஏதோ முணுமுணுத்தார்.

“சத்தமா சொல்லுப்பா, கேக்கல.”

தலைவர் அவர் காதுக்கு அருகில் போனார். மைக்கும் கூடவே போனது. “காலனிக்காரங்க வர்ற வழிங்க சாமி!”

பந்தலில், வேப்பமரத்தடியில், அதற்கப்பால் உப்பளம் வரைக்கும் கேட்டிருக்கும். ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதர் அதை வாயால் சொன்னார். அதுவும் மைக்கில்.

பெரிய சாமியார் முகம் வாடிப்போயிற்று. “வலியா? யாருக்கு வலி?”

எங்கள் பக்கத்து நாக்கில் வழியும் வலியும் ஒன்றுதான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் நிஜமாகவே கவலைப்பட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். ஃபாதர் மைக்கை வாங்கிப் பாட்டு ஆரம்பிக்கச் சொன்னார். பெரிய சாமியார் என் பக்கம் திரும்பினார். “யாருக்கு வலி, தம்பி?”

என்னிடம் இருபது பதில் இருந்தது. பத்து வருஷமாக ராத்திரி பகலாகத் தயார் செய்து வைத்திருந்த பதில்கள். “கேக் எடுத்துக்கங்க சாமி” என்றேன்.

மரத்தடிக்குப் போனேன். பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “மைக்குல நம்ம பேரு வந்திச்சிடீ!” அம்மா சிரிக்கவில்லை. பி.யைக் காணோம்.

மே 14, திங்கள்

காலையில் தலைவர் கடைக்கு வந்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“பாய், உங்க மேல ஒண்ணும் இல்ல. எங்க கோயிலு விஷயம் உங்களுக்குத் தெரியாது. ஆனா இந்தப் பையன் தெரியாம செஞ்சான்னு சொல்லாதீங்க.”

“காயிதம் திரும்பிடுச்சிங்க. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பாருங்க.” பாய் அந்தப் பட்டர் பேப்பரைத் தேடி எடுத்துக் காட்டினார். மூலையில் ‘மே’ இருந்தது. தலைவருக்கு அது என்னவென்று தெரியவில்லை. பாய்க்குத் தெரியும்.

அவர் போன பிறகு பாய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“தெரிஞ்சி செஞ்சியா?”

“மொதல்ல இல்ல பாய்.”

“மொதல்ல இல்லன்னா?”

நான் பட்டர் பேப்பரைச் சுருட்டி வைத்தேன்.

“எத்தினி மணிக்குத் தெரிஞ்சுது?”

“பதினொண்ணு ஆவல.”

தாடியைத் தடவினார். “ஒன் சண்டை நியாயமான சண்டைதான். எனக்கும் கண்ணு இருக்குது. ஆனா நா இந்த பஜார்ல தொப்பி போட்டுக்கிட்டு கடை வெச்சிருக்கேன். நாளைக்கி அவங்க, பாய் வேணும்னே நம்ம கோயில கேலி பண்ணிட்டான்னு சொன்னா நா எங்க போறது? ஒன் சண்டைய ஒன் கையால போடு. என் கேக்குல போடாத.”

கோபக்காரன் கண்ணுக்குப் பக்கத்தில் நிற்பவன் தெரிவதில்லை. எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாள் அடுப்புப் பக்கம் இருக்கச் சொல்லிவிட்டார். ரொட்டி மட்டும். சரி.

மே 15, செவ்வாய்

பி. இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம்.

“ஒரு வாரம்ண்ணா. ஒரு வாரம் கம்முனு இருக்க முடியலியா ஒன்னால? நா பூனை மாதிரி அடிமேல அடி வெச்சி ஃபாதர்ட்ட பேசிக்கினு வந்தேன்.”

“பூனை மாதிரி எதுக்குப் போவணும்?”

“ஒனக்கு ஒன் கோவம் பெருசு. எனக்கு என் கல்யாணம்.”

அம்மா நடுவில் வந்து, இரண்டு பேரும் தண்ணி எடுத்துக்கிட்டு வாங்க என்று குடத்தைக் கொடுத்து அனுப்பினாள். குழாயடியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடத்தை நிரப்பினோம்.

சாயங்காலம் ஃபாதர் காலனிக்கு வந்தார். சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூச வருவார். மற்றபடி வந்து நான் பார்த்ததில்லை. தெருவே பயந்து, யாருக்கு என்ன என்று வெளியே வந்தது. எங்கள் வீட்டுக்கு முன்னால் நின்றார். நாற்காலி பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

சொன்னது இது: ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவரைத் தூங்கவிடவில்லை. கமிட்டியில் பேசினார். பெரிய கதவு வழியாகக் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளை வீட்டாரும் வரலாம். மற்றவர்கள் வழக்கம்போல.

“மத்தவங்கன்னா?” என்று கேட்டேன்.

“காலப்போக்குல எல்லாம் மாறும் ஜோசப்பு. ஒரே நாள்ல ஆவாது.”

“எங்கம்மா?”

அவர் பி.யைப் பார்த்தார். பி. தலையை ஆட்டினாள். “சரிங்க ஃபாதர். ரொம்ப நன்றிங்க.”

அவர் போனதும் நான் கத்தினேன். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும், கல்யாணத்தைப் பாண்டியிலேயே வைத்திருக்கலாம் என்று. பி. நாற்காலியைத் துடைத்துப் பக்கத்து வீட்டில் கொடுக்கப் போய்விட்டாள். அவள் ஆசைப்பட்டது பாதி கிடைத்துவிட்டது. பாதியை வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிற மாதிரி எங்களை வளர்த்திருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன்.

“வளத்தது நாந்தான்டா” என்றாள் அம்மா.

மே 18, வெள்ளி

அடுப்பு. ரொட்டி. விரலில் கொப்புளம். கோன் பிடிக்காத கை என்னவோபோல் இருக்கிறது.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். காகிதம் திரும்பியதால் எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. ஃபாதர் காலனிக்கு வந்தார். ஆனால் அதைச் செய்தது நானா, காற்றா, அந்தக் கிழவரின் காதா? நான் செய்தது கத்தியைக் கீழே வைத்தது மட்டும். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. வருத்தப்படவும் மனம் வரவில்லை. பாய் விஷயத்தில் மட்டும் வருத்தம்.

மே 20, ஞாயிறு

மூன்றாம் ஓலை. நானும் போனேன். சின்ன வாசல் வழியாகத்தான். தனியாகப் பெரிய கதவு வழியாகப் போகலாமா என்று கொடிமரத்தடியில் நின்று யோசித்தேன். கால் வரவில்லை. இதையும் எழுதுகிறேன்.

மே 22, செவ்வாய்

மேகம். மழை இல்லை, புழுக்கம் மட்டும்.

மத்தியானம் பாய் கூப்பிட்டார். மேஜை மேல் இரண்டு அடுக்கு கேக், பூசித் தயாராக. “தங்கச்சிக்கு என் சீரு. நீயே போடு. கோயிலு கீயிலு வேணாம், பூ போடு.”

“சரி பாய்.”

“காயிதத்துல மேல் எது, கீழ் எதுன்னு பாத்துப் போடு.”

சிரித்துவிட்டேன். அவரும். மல்லிகைக் கொடி வரைந்து ஊசி குத்தினேன். எப்படித் திருப்பிப் போட்டாலும் மல்லிகை மல்லிகைதான். இருந்தாலும் மூலையைப் பார்த்துத்தான் வைத்தேன்.

பாக்கி வேலை: மாலை திண்டிவனத்திலிருந்து. பெட்ரோமாக்ஸ் இரண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோரைப் பாய்கள். அம்மாவுக்குச் செருப்பு (வேண்டாம் என்கிறாள்).

மே 23, புதன்

காலை எட்டு மணிப் பூசை. பாண்டிச்சேரியிலிருந்து வேன் ஏழரைக்கே வந்துவிட்டது. கொடிமரத்தடியில் எல்லாரும் நின்றோம். பெரிய கதவு இரண்டு பக்கமும் திறந்திருந்தது. ஃபாதர் தீர்த்தத்தோடு வாசற்படியில். கமிட்டிக்காரர்கள் உள்ளே பெஞ்சில், முதுகைக் காட்டிக்கொண்டு. தலைவர் வந்திருந்தார். வராமல் இருப்பார் என்று நினைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் உள்ளே போனார்கள். மாப்பிள்ளை போனார். காலனி ஜனம் தெற்குப் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தது. யாரும் சொல்லத் தேவையில்லை. அம்மாவும் கூடவே நடந்தாள், புதுப் புடவையைக் காலில் மிதிபடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் கொடிமரத்தடியிலேயே நின்றேன்.

பி. படியில் ஒரு காலை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

“எம்மா! எங்க போற?”

அம்மா திரும்பினாள். “உள்ள போயி உக்காந்திருக்கேன். நீ வா.”

“இப்படி வா.”

“அட, போடி. மாலை வாடுது.”

“நீ வராம நா போமாட்டேன்.”

ஃபாதர் மெதுவாக, “பிலோமினா, நேரமாவுது” என்றார். பி. அசையவில்லை. கத்தவில்லை, அழவில்லை. மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றாள், பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. உள்ளே பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. மாப்பிள்ளை எழுந்து கதவு வரைக்கும் வந்து நின்றார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஃபாதர் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். தலைவரும் அவரைப் பார்த்திருக்க வேண்டும். அப்புறம் ஃபாதர் தீர்த்தக் குச்சியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, அம்மா பக்கம் திரும்பி, “வாங்கம்மா” என்றார்.

அம்மாவை அவர் ‘வாங்க’ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மா வந்தாள். அவளோடு நடந்துகொண்டிருந்த பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பின்னாலேயே வந்தார்கள். அவர்கள் பின்னால் ஆண்கள். அவர்களையும் வாங்க என்று ஃபாதர் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பி. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். இத்தனை நாளும் நான் அவளைப் பாதி வாங்கிக்கொண்டவள் என்று நினைத்திருந்தேன்.

நான் கடைசியாகப் போனேன். உள்ளே கண் பழகக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பீடத்துக்கு முன்னால் பெண்ணின் அம்மாவுக்கென்று நாற்காலி போட்டிருந்தார்கள், மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில். அது காலியாக இருந்தது. அம்மா தெற்குப் பக்கம் மூன்றாவது தூணருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் எப்போதும் உட்கார்கிற இடம். மற்றவர்களும் அவரவர் இடத்தில்.

குனிந்து, “முன்னாடி நாற்காலி போட்டிருக்காங்கம்மா” என்றேன்.

“இருக்கட்டும்டா.”

“அங்க ஒக்காரக் கூடாதுன்னு யாரு சொன்னா?”

“இன்னிக்கி யாரும் சொல்லல.” புடவையை இழுத்து எனக்கு இடம் விட்டாள். “ஒக்காரு. பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது.”

உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்தது. பி. ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், முதலில் நாற்காலியை, பிறகு எங்களை.